சோற்றுப் பானையோடு ஸ்பெயினுக்குப் போனவர்கள்

ஸ்பெயினுக்குச் சுற்றுலா போய்த் திரும்பியவரிடம் நம்மவர்கள் முதலில் கேட்பது அரண்மனையைப் பற்றியோ காற்பந்து அரங்கைப் பற்றியோ அல்ல. "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதுதான் கேள்வி. பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டிக்குள் சின்ன மின்சாரச் சோற்றுப் பானை, ஊறுகாய் போத்தல், நெத்திலிச் சம்பல், நாலைந்து மேகி பொட்டலம். தங்குவதற்கு ஓட்டல் வேண்டாம், சமையலறையோடு கூடிய வாடகை வீடு பார்த்துக்கொள்வார்கள். குழுவாகப் போனவர்கள் என்றால் மாட்ரிட்டில் ஓர் இந்திய உணவகம், பார்சிலோனாவில் இன்னோர் இந்திய உணவகம். பத்து நாள் அந்த நாட்டில் இருந்துவிட்டு, ஒரு வேளைகூட ஸ்பானிய உணவகத்தில் உட்காராமல் திரும்பியவர்கள் உண்டு.

இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் அந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. எந்தப் பண்டத்தில் பன்றி இருக்கிறது, எதில் மாடு இருக்கிறது என்று தெரியாது. மாலை ஏழு மணிக்குப் பசியோடு போனால் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். உள்ளே போய் உட்கார்ந்தாலும் நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்ற கூச்சம் வேறு. இந்த மூன்று தயக்கங்களுக்குப் பின்னாலும் வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் தமிழர்களுக்கும் மலாக்காவுக்கும் பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி.

செலாயாங்கில் இறங்கும் மூட்டைகள்

செலாயாங்கில் உள்ள கோலாலம்பூர் மொத்த விற்பனைச் சந்தை, ஊர் தூங்கும் நேரத்தில்தான் விழித்திருக்கும். கேமரன் மலையிலிருந்து தக்காளிக் கூடைகள் வந்து இறங்கும். மிளகாய் மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை, சோளம், பப்பாளி, அன்னாசி, கொய்யா என்று லாரி லாரியாக வரும். சுற்று வட்டாரத்து உணவுக் கடைக்காரர்கள் விடிவதற்குள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மேலே சொன்ன பொருள்களில் ஒன்றுகூட 1492க்கு முன்பு ஆசியாவில் விளைந்ததில்லை. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஸ்பானியக் கப்பல்களும் போர்த்துகீசியக் கப்பல்களும் ஏற்றிக்கொண்டு வந்து உலகம் முழுவதும் இறக்கியவை. தக்காளி இல்லாத ரசம், மிளகாய் இல்லாத சம்பல், உருளைக்கிழங்கு இல்லாத மசாலா தோசை ஆகியவற்றைக் கற்பனை செய்து பார்த்தால் இந்த இறக்குமதியின் அளவு புரியும்.

இதில் மிளகாயின் கதை தனியே சொல்லத் தக்கது. 1492இல் கொலம்பஸ் மேற்கு நோக்கிக் கப்பல் விட்டதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நம் பக்கத்து மிளகு. மலபார்க் கரையில் விளைந்த மிளகை அரபு வணிகரும் வெனிஸ் வணிகரும் கைமாற்றி விற்றார்கள். அந்த இடைத்தரகு இல்லாமல் நேரே போய் வாங்க வழி தேடிப் புறப்பட்டவர்தான் அவர். மிளகு கிடைக்கவில்லை. காரமான வேறொரு காய் கிடைத்தது. மிளகுக்கு ஸ்பானிய மொழியில் பிமியெந்தா என்று பெயர். புதிய காய்க்குப் பிமியெந்தோ என்று பெயர் வைத்தார்கள். அதே காய் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது நம் முன்னோர் என்ன செய்தார்கள்? மிளகைப் போல் காரமான காய் என்பதால் மிளகாய் என்றார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

மிளகாயை இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தது 1511இல். பள்ளிக்கூடத்தில் படித்த இந்த ஆண்டுகள் பலருக்கும் நினைவிருக்கும். பாடப்புத்தகத்தில் அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துகலும் ஸ்பெயினும் ஒரே அரசரின் ஆட்சியில் இருந்தன. ஆகவே அந்த 60 ஆண்டுகள் மலாக்காக் கோட்டையும் ஸ்பானிய அரசரின் குடைக்கீழ்தான் இருந்தது. அதற்கும் முன்பே, ஸ்பெயினின் நவார்ராப் பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1542இல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் தங்கியவர். அங்கிருந்து 1545இல் அவர் வந்து சேர்ந்த இடம் மலாக்கா.

அந்தக் கப்பல்கள் சரக்கோடு சொற்களையும் இறக்கிவிட்டுப் போயின. தமிழில் மேசை, மலாய் மொழியில் மேஜா. இரண்டுமே போர்த்துகீசிய மேசா என்ற சொல்லின் பிள்ளைகள். ஸ்பானிய மொழியிலும் அது மேசாதான். நாலு பேர் கொண்ட தமிழ்க் குடும்பம் மாட்ரிட் உணவகத்துக்குள் நுழைந்து, ஆங்கிலத்தில் திணறாமல் "மேசா" என்று சொல்லி நாலு விரலைக் காட்டினால் போதும். பணியாளர் புரிந்துகொள்வார்.

சொல் ஒன்றாக இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. மலாய் மொழியில் மெந்தேகா என்றால் வெண்ணெய். அது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானிய உணவகத்தின் பட்டியலில் மந்தேக்கா என்று இருப்பதைப் பார்த்து, வெண்ணெய்தானே என்று நம்மவர் நினைக்கக்கூடும். ஸ்பெயினில் மந்தேக்கா என்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. வெண்ணெய்க்கு அங்கே மந்தெக்கீயா என்று வேறு சொல். மந்தெகாதோ என்ற பெயரில் பண்டிகைக் காலத்தில் விற்கும் இனிப்பு பிஸ்கட்டிலும் வழக்கமாக இந்தக் கொழுப்புதான் இருக்கும்.

கட்டுச்சோறு அவர்களுக்கும் இருந்தது

சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போகும் நம்மவர், தம்மை அறியாமலேயே பழைய ஸ்பானிய மரபு ஒன்றைப் பின்பற்றுகிறார் எனலாம். ஸ்பெயினின் நெடுஞ்சாலை விடுதிகள் ஒரு காலத்தில் பயணிக்குக் கூரையும் நெருப்பும் தருவதோடு சரி. சாப்பாடு என்பது பயணி கையோடு கொண்டுவந்ததுதான். 1605இல் வெளிவந்த செர்வாந்தஸின் டான் குவிக்சோட் நாவலில், கதாநாயகன் முதலில் போய்த் தங்கும் விடுதியில் உப்பிட்ட மீனைத் தவிர வேறு ஒன்றும் கிடைப்பதில்லை. உலகின் மிகப் பழைய உணவகம் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றிருக்கும் போத்தின், மாட்ரிட் நகரில் 1725இல் தொடங்கியது. அந்தக் கடை தன் வரலாற்றைச் சொல்லும்போதும் இதையே சொல்கிறது. ஆரம்பத்தில் விருந்தினர் கொண்டுவந்ததைச் சமைத்துக் கொடுக்கத்தான் அனுமதி. இறைச்சியையும் மதுவையும் விடுதிக்காரரே விற்றால், அந்தப் பொருள்களை விற்கும் சங்கத்தாரின் பிழைப்பில் கைவைத்ததாகிவிடும்.

நம் பக்கத்தில் நிலைமை வேறுவிதம். புகார் நகரத்து வீதிகளில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆக, பலகாரம் விலைக்கு விற்பது பழைய வழக்கம். முழுச் சாப்பாடு, அதாவது சோறு, வேறு கணக்கில் சேர்ந்தது. வழிப்போக்கனுக்குச் சோறு போட அரசரும் செல்வரும் சத்திரம் கட்டினார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியில் கட்டிய சத்திரங்கள் புகழ்பெற்றவை. ஒரத்தநாட்டில் உள்ள முத்தம்மாள் சத்திரம் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. சத்திரம் இல்லாத வழியில் கட்டுச்சோறு. அன்னத்தை விற்பதாவது என்ற மனநிலை நெடுங்காலம் இருந்தது.

காசு கொடுத்தால் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற உணவகம், ஸ்பெயினுக்கும் தமிழகத்துக்கும் புதிய ஏற்பாடு. யாரும் என்ற அந்தச் சொல்லுக்குப் பொருள் வருவதற்குள் இரண்டு இடத்திலும் நிறைய நடந்துவிட்டது.

பன்றித் தொடை தொங்குவது ஏன்?

ஸ்பானிய உணவகத்துக்குள் முதன்முதலாக நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் பன்றித் தொடைகள். முஸ்லிம் அன்பர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். சைவ உணவுக்காரர்களுக்கும் முகம் சுளிக்கும். பருப்பு கேட்டால் அதில் பன்றித் துண்டு, கீரை கேட்டால் அதிலும் பன்றித் துண்டு. ஒரு நாட்டுச் சமையலில் ஒரே இறைச்சி இந்த அளவுக்கு எங்கும் நிறைந்திருப்பதை ருசியை மட்டும் வைத்து விளக்க முடியாது.

711ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் வந்தன. அதன் பிறகு ஏறத்தாழ 800 ஆண்டுகள் அந்த நாட்டின் ஏதாவது ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்தது. கோர்டோபாவும் கிரனாடாவும் அந்தக் காலத்தில் செழித்த நகரங்கள். முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்துவர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா 1492 ஜனவரியில் வீழ்ந்தது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில், யூதர்கள் மதம் மாற வேண்டும் அல்லது நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆகஸ்டில் கொலம்பஸ் கப்பல் ஏறினார். மிளகாய் நம்மை நோக்கிப் புறப்பட்ட அதே ஆண்டில்தான் ஸ்பெயின் தன் மேசையிலிருந்து பலரை எழுப்பி அனுப்பியது. அடுத்த சில ஆண்டுகளில் முஸ்லிம்களும் மதம் மாற்றப்பட்டார்கள்.

மதம் மாறியவர் உண்மையாக மாறினாரா என்று கண்காணிக்கச் சமய விசாரணை மன்றம் இருந்தது. மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. சட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியும் அல்லவா? பன்றிக் கொழுப்பை விட்டுவிட்டு எண்ணெயில் சமைப்பது, சனிக்கிழமைக்கான கடலைக் கூட்டை வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றிவைப்பது போன்றவை அண்டை வீட்டார் சொன்ன சாட்சியமாக அந்த மன்றத்தின் பதிவேடுகளில் இருக்கின்றன. கத்தரிக்காய்கூடச் சந்தேகத்துக்கு இடமான காய். பிறகு என்ன நடக்கும்? வாசலில் பன்றித் தொடையைத் தொங்கவிடுவது பாதுகாப்பு. யாராவது வந்தால் அவர் கண்முன்னே ஒரு துண்டு தின்றுகாட்டுவது அதைவிடப் பாதுகாப்பு. மாட்ரிட் மக்கள் பெருமையோடு பரிமாறும் கொசீதோ என்ற கடலைக் குழம்பு, யூதர்களின் ஓய்வுநாள் குழம்பிலிருந்து பிறந்தது என்பது உணவு வரலாற்றாளர் பலரின் கருத்து. பன்றி அதில் பிறகு சேர்ந்தது.

இவ்வளவு செய்தும் தப்பவில்லை. மதம் மாறிய முஸ்லிம்களின் வம்சத்தார் ஏறத்தாழ 3 லட்சம் பேர் 1609க்கும் 1614க்கும் இடையில் நாடு கடத்தப்பட்டார்கள்.

மனிதர்களை அனுப்பிவிட்டார்கள், சமையலை அனுப்ப முடியவில்லை. செவில் நகரத்தில் இன்றும் கீரையும் கொண்டைக்கடலையும் சீரகமும் சேர்த்த ஒரு கூட்டு கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம் வீட்டுக் கீரைக்கூட்டுக்குத் தூரத்து உறவு என்று தோன்றும். கோர்டோபாவில் கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். சர்க்கரைக்கு ஸ்பானிய மொழியில் அசூகார். அரபு மொழி வழியாகப் போன இந்தியச் சொல் அது, நம் சர்க்கரைக்கு உடன்பிறப்பு. ஆரஞ்சுப் பழத்துக்கு நராங்ஹா. அதன் வேரைத் தேடிப் போனால் பாரசீகம், வடமொழி என்று படியிறங்கி, கடைசியில் நாரத்தை விளையும் திராவிட மண்ணில் வந்து நிற்கிறார்கள் மொழியறிஞர்கள். அரிசிக்கு அரோஸ் என்று பெயர். அதுவும் தமிழ் அரிசிதான் என்று நம் மேடைகளில் அடித்துச் சொல்வார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அரபு மொழி வழியாக ஸ்பெயினுக்குப் போன சொல் என்பதுவரை மட்டும் உறுதி.

அரிசியைக் கொண்டுபோய் வாலென்சியாவின் சதுப்பு நிலங்களில் பயிராக்கியவர்கள் அரபு உழவர்கள். அங்கே பிறந்ததுதான் பாயேயா. சுற்றுலாப் பயணிகள் இரவில் கேட்கிறார்கள் என்பதற்காக எல்லா நேரத்திலும் சமைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. ஆனால் வாலென்சியாக்காரருக்கு அது பகல் உணவு. வயல் வேலைக்காரர்கள் மதிய நேரத்தில் விறகு மூட்டி, அகலமான இருப்புச் சட்டியில் கோழி, முயல், அவரை போட்டுச் சமைத்தது. கடல் நண்டும் இறாலும் போட்டது பின்னால் வந்த வகை. சட்டியின் அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் அங்கே போட்டி. காந்தல் சோற்றுக்குச் சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய முறைப்படி, சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு மரக்கரண்டியால் அவரவர் பக்கத்தை மட்டும் சாப்பிடுவார்கள். காயல்பட்டினத்து விருந்தில் சஹனைச் சுற்றி உட்காருவது போலத்தான்.

நம் மேசையும் எளிதில் கிடைத்ததல்ல

ஸ்பானியரின் பன்றித் தொடையைக் குறை சொல்வதற்கு முன், தமிழர் உணவகங்களின் கதையையும் பார்த்துவிட வேண்டும். ரயில் வந்த பிறகுதான் தமிழ்நாட்டில் உணவகங்கள் பெருகின. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்று பிரிவு இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் ஓயாமல் எதிர்த்த பிறகு 1941இல் தென்னிந்திய ரயில்வே அந்தப் பிரிவை நீக்கியது. உணவு விடுதிக்குள் யாரையும் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம் சொன்னது. அப்படியும் பெயர்ப்பலகைகள் இறங்கவில்லை. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையில் இருந்த பிராமணாள் என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. நாள்தோறும் தொண்டர்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்காரும் உரிமைக்காகச் சிறை சென்றவர்கள் வாழ்ந்த நாடு அது.

மலாயாவுக்கு வந்தவர்கள் அந்த வேலிகளையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. பட்டணம் கொஞ்சம் கொஞ்சமாக அதை உடைத்தது. கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் போட்ட ஒட்டுக்கடையில் யார் என்று கேட்காமல் ரொட்டி வீசித் தந்தார்கள், தேநீர் இழுத்துத் தந்தார்கள். மாமா என்று தமிழில் அழைத்த உறவுப் பெயரே அந்தக் கடைகளுக்கும் பெயராகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் இன்று சீனரும் மலாய்க்காரரும் நம்மவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசம் கேட்கிறார்கள். இந்தக் காட்சி தானாக வந்துவிடவில்லை.

பெர்லின் நேரமும் மதியச் சாப்பாடும்

இரண்டாவது தயக்கம் நேரம். ஸ்பெயினில் பகல் சாப்பாடு 2 மணிக்குத் தொடங்கி 4 மணி வரை போகும். இரவுச் சாப்பாடு 9 மணிக்கு முன்னால் கிடையாது. சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வது அறியாமை. மாட்ரிட் நகரம் லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. இயல்பாக லண்டன் நேரமே அதற்குப் பொருந்தும். 1940 மார்ச்சில் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, பெர்லின் நேரத்தோடு சேர்த்துவிட்டது. போர் முடிந்த பிறகும் திருப்பி வைக்கவில்லை. சூரியன் ஒரு கணக்கில் போக, கடிகாரம் இன்னொரு கணக்கில் போக, வயிறு சூரியனைப் பின்பற்றியது. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய வறுமையில் ஒரே ஆள் இரண்டு வேலை பார்த்ததும் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டது.

கடிகாரத்தைத் தள்ளிய அனுபவம் நமக்கும் உண்டு. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணியை 12 மணியாக்கி, தீபகற்ப மலேசியாவைச் சபா, சரவாக் நேரத்தோடு இணைத்தார்கள். ஏழு மணியாகியும் இருட்டு விலகாமல் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது அதன் விளைவு.

பயணிக்கு ஸ்பானிய மேசை திறந்தது 1960களில். ஐரோப்பியர்கள் வெயில் தேடிக் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். 1960இல் சுமார் 6 மில்லியன் பேர். அந்நியச் செலாவணிக்கு ஏங்கிய அரசு அவர்களை விட மனமில்லாமல், அப்போதைய தகவல், சுற்றுலா அமைச்சர் மனுவேல் பிராகா மூலம் ஓர் உத்தரவு போட்டது. உணவகங்கள் பயணிகளுக்கென்று நிர்ணய விலையில் முழுச் சாப்பாடு வைக்க வேண்டும். முதலில் சூப் போன்ற ஒன்று, அடுத்து மீனோ இறைச்சியோ முட்டையோ, கடைசியில் இனிப்போ பழமோ, கூடவே ரொட்டியும் கொஞ்சம் மதுவும். வெளிநாட்டுக்காரருக்காகக் கட்டாயமாக்கிய இந்தத் திட்டத்தை உள்ளூர்த் தொழிலாளர்கள் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் சுவையான திருப்பம். மெனு தெல் தீயா, அதாவது இன்றைய சாப்பாடு, என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. நம் ஊர் அளவுச் சாப்பாட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம்.

ஸ்பெயினில் நல்ல சாப்பாட்டை நியாயமான விலைக்குச் சாப்பிட விரும்புபவர், வேலை நாளில் பகல் 2 மணிக்கு, கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதிவைத்திருக்கும் சின்னக் கடைக்குப் போவதே சரி. பெரும்பாலும் 12 யூரோவிலிருந்து 18 யூரோவுக்குள் முடிந்துவிடும். படம் போட்ட பட்டியலை நீட்டி வாசலில் நின்று கூப்பிடும் கடைகளைத் தாண்டிப் போய்விடலாம். மதுவுக்குப் பதில் தண்ணீர் கேட்டால் தருவார்கள். மொஸ்தோ என்ற திராட்சைச் சாறும் பல கடைகளில் உண்டு. 2022இல் வந்த சட்டப்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகவே தர வேண்டும். வெந்நீருக்கும் காசு வாங்கும் சில கோலாலம்பூர்க் கடைகளுக்கு இந்தச் செய்தியைச் சொன்னால் தேவலை.

சைவ உணவுக்காரர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் துண்டையும் டூனா மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்கள் அங்கே நிறைய. ஹமோன் வேண்டாம், அத்தூன் வேண்டாம் என்று பெயர் சொல்லித்தான் விலக்க வேண்டும். தெர்னேரா என்றால் மாட்டிறைச்சி, செர்தோ என்றால் பன்றி. தப்பாஸ் என்ற சிறு தட்டு முறை முதல் நாளுக்கு ஏற்றது. காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு, தக்காளி தேய்த்த ரொட்டி, பொரித்த பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு முட்டையடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். மூன்று தட்டில் வயிறு நிறைந்துவிடும். செலாயாங் சந்தையில் இறங்கும் மூட்டைகளே பாதி. முஸ்லிம் குடும்பங்களுக்கு மாட்ரிட்டின் லவாபியேஸ், பார்சிலோனாவின் ரவால் வட்டாரங்களில் ஹலால் கடைகள் இருக்கின்றன. கிரனாடாவில் 1492க்குப் பின் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் 2003இல் திறக்கப்பட்டது. விரட்டப்பட்ட யூதர்களின் வம்சத்தாருக்குக் குடியுரிமை தர 2015இல் சட்டம் இயற்றினார்கள். எழுப்பி அனுப்பியவர்களைத் திரும்ப அழைக்க ஐந்து நூற்றாண்டுகள் ஆகியிருக்கின்றன.

போவதற்கு முன் பழகிக்கொள்ள நினைப்பவர்கள் கோலாலம்பூரிலேயே தொடங்கலாம். 2000ஆம் ஆண்டுகளில் பங்சாரில் லா போடேகா என்ற கடை தப்பாஸ் பரிமாறிப் பெயர் பெற்றிருந்தது. பங்சார் என்ற பெயரே புங்கே-கிரிசார் என்ற ரப்பர்த் தோட்டத்தின் பெயர் திரிந்து வந்தது என்பர். தமிழ்த் தொழிலாளர்கள் பால் மரம் சீவிய நிலம். அந்த ரப்பர் மரமும் பிரேசிலிலிருந்து வந்ததுதான்.

மூன்றாவது தயக்கமான வரவேற்புக்கு இப்போது புதிய காரணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. 2024இல் மட்டும் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 93 மில்லியனுக்கும் மேல். அந்த ஆண்டு ஜூலையில் பார்சிலோனாவில் ஊர்வலம் போன உள்ளூர் மக்கள், உணவகங்களின் வெளி மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். உலகமெங்கும் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பார்த்த பலர் பயந்துபோய்ப் பயணத்தையே கைவிட நினைத்தார்கள். அந்த மக்களின் கோபம் சாப்பிட வந்தவரின் நிறத்தின் மீதோ மதத்தின் மீதோ அல்ல. குடியிருப்பு வீடுகளை எல்லாம் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிடுவதால் உள்ளூர்க்காரருக்கு வீடு கிடைக்கவில்லை, வாடகை கட்டுக்குள் இல்லை. கரும்பலகைச் சாப்பாட்டுக் கடைகள் இருந்த இடங்களில் பயணிகளுக்கான கடைகள் வருகின்றன. இந்தக் கோபத்துக்குச் செவிசாய்த்து, சுமார் 10,000 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று பார்சிலோனா மேயர் 2024இல் அறிவித்தார்.

சமையலறையோடு கூடிய அந்த வாடகை வீடுகளை நம்பித்தான் நம்மவர்கள் சோற்றுப் பானையைப் பெட்டியில் வைக்கிறார்கள். ஓட்டல் அறையில் அதை மூட்டினால் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும். அறிவித்தபடி நடந்தால், 2028க்குப் பிறகு பார்சிலோனாவுக்குப் போகும் செலாயாங் குடும்பம் தெருவில் இறங்கி, பகல் 2 மணிக்கு ஒரு கரும்பலகையைத் தேட வேண்டியிருக்கும்.